அணைஞ்சுதானே கிடக்கு

கோட்டை வாசலுக்குக் கிட்ட, இரவு பதினொன்றேகால்.
ஒரு மானுக்காக ஒடித்திருக்கிறான்.
மதகுக் கட்டு வண்டியின் முகத்தைத் தின்றிருந்தது.
மான் போகவில்லை. வேலிக் கரையில் நின்று
எங்கள் சிவப்பு வெளிச்சத்தை
அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சாரதியை யாரோ ஓட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.
வண்டித் திறப்பும் அவன் சட்டைப்பையில் ஏறி
ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.
இடப்பக்கத்தில் அவன் மனைவி.
கதவு அவள் முழங்காலைப் பிடித்து வைத்திருந்தது.
பெயர் கேட்டேன். தமயந்தி.
எந்த இடம்? பாலையூற்று.
சரியாகச் சொல்கிறாள். நல்லது.

"எஞ்சின் அணைஞ்சுதானே கிடக்கு,
வெட்டுங்கோவன்! என்னத்தைப் பாக்கிறியள்?"
கூட்டத்தில் ஒருவர். ஒரு கையில் கொத்துப் பார்சல்.

அண்ணை,
அணைந்தது வேறு, சும்மா இருக்கிறது வேறு.
உடைந்த கண்ணாடிக்குள் குனிந்தேன்.
ரெடி என்று ஒரு சின்னப் பச்சை
கடுகளவில் எரிந்துகொண்டிருந்தது.
திறப்பு எவ்வளவு தூரம் போனாலும்
இது தூங்காது.
யாருடைய கால் பட்டாலும்
ஓசையில்லாமல் முன்னுக்கு வரும்.

றிஸ்மி சில்லுகளுக்குக் கட்டை கொடுத்தான்.
நான் பக்கவாட்டாக நின்று கையை நீட்டி
பார்க்கில் போட்டேன். பொத்தானை அழுத்தினேன்.
பச்சை போயிற்று.
பின்கதவை முதலில் திற என்று கத்தினேன்,
சின்ன பற்றரியைக் கழற்றிய பிறகு அது திறவாது.
திறந்தான். கருவாட்டு வாசம் வந்தது.
ஒரு பை முழுக்க, திருமலைக் கருவாடு,
பற்றரி மூடிக்கு மேலே சிதறி.

முன்பக்கம் இன்பரூபன் மண்டியிட்டான்.
ஆறு வருடம் முகமாலையில் கண்ணிவெடி எடுத்தவன்,
அவன் மண்டியிடும் விதமே வேறு.
டோர்ச்சை மண்ணோடு மண்ணாகப் பிடித்து
நெடுநேரம் பார்த்தான்.
செம்மஞ்சள் வயர் அறுந்து
கதவுக் கீலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது என்றான்.
அங்கே சிவப்புப் பலகை, இங்கே செம்மஞ்சள்,
நிறம் சொன்னால் கேட்கவேணும்.
அன்றிரவு அவன் பேசியது அவ்வளவுதான்.

ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டி
காற்றை உள்ளே அடைத்து
கன்னத்தோடு வைத்துப் பார்த்தான்.
ஊசித் துளை ஒன்று போதும்.
ஒரு விரலிலும் காற்று கசியவில்லை.

பிறகு பத்து நிமிடம்.
கழற்றிய பின்னும் உள்ளே எங்கோ
தேங்கி நிற்கும் மின்சாரம் வடியும்வரை
அந்தக் கீலில் இரும்பு வைக்கக்கூடாது.
வெட்டும் கருவி என் கையில். எடை பதினெட்டுக் கிலோ.
கூட்டம் இப்போது எங்களை ஏசத் தொடங்கியிருந்தது.

"ஏன் தம்பி ஒண்டும் செய்யாம நிக்கிறியள்?"
"உங்களோட நிக்கிறன் அக்கா."
கழுத்தை அசைக்காமல் அவள் கண் மட்டும் திரும்பியது.
"மானுக்கு?"
"ஒண்டுமில்லை. பாத்துக்கொண்டு நிக்குது."
"அதுக்குக் கேட்டிருக்காது.
சத்தமே வராதெண்டு சொல்லித்தான்
இவர் வாங்கினவர்."
சிரிக்கப் பார்த்தாள். முழங்கால் விடவில்லை.

ஏழாவது நிமிடத்தில் அவளுடைய போன் அடித்தது,
இருக்கைக்கு அடியில், எட்டாத இடத்தில்.
அடித்து நின்றது. மறுபடி அடித்தது.
ஒன்பதாவது நிமிடம் மிக நீளம்.

இன்பரூபன் கையுறையோடு வயரை ஒதுக்கி
போர்வையால் மூடினான். தலையாட்டினான்.
அதற்குப் பிறகுதான் எங்களுக்கும் சத்தம் வந்தது:
இரும்பு முறிகிற சத்தம், றிஸ்மியின் தூசணம்,
அவளுடைய ஒரே ஒரு கூக்குரல்.
மான் அப்போதுதான் ஓடியது.

இழுத்துப் போக வந்த சமிந்தவிடம் சொன்னேன்,
பொலிஸ் முற்றத்தில் மற்ற வண்டிகளோடு ஒட்டி விடாதே,
வெட்டவெளியில் தனியாக விடு,
நாளைக்கும் பற்றிக்கொள்ளலாம்.
ஆட்டு மந்தையில் நோய் கண்டதைப் பிரிப்பதுபோல்
பிரித்துக் கொண்டுபோனான்.

காலையில் அறிக்கைப் படிவம்.
தாமதம்: பத்து நிமிடம்.
காரணம் என்ற கட்டம்
என் கட்டைவிரல் அளவுகூட இல்லை.
நாலு பேரும் நடந்து வந்து கையெழுத்திட்டோம் என்பதை
அதற்குள் எப்படி எழுதுவது?
"வடியவிட்டோம்" என்று எழுதினேன்.

கீழே, கையுறை இன்னொரு சோடி வேண்டும் என்றும்.
இது மூன்றாவது தடவை.